வைரவர் வாகனத்துக்கு ஒரு குளிசை

மார்கழியில் கோண்டாவிலில் யாரும் அலாரம் வைத்து எழும்பத் தேவையில்லை. திருவெம்பாவைக்காரர் விடியப்புறமே சங்கும் சேமக்கலமுமாக ஒழுங்கை ஒழுங்கையாக வந்துவிடுவார்கள். சங்கு ஊதினால் ஊர் நாய்கள் அத்தனையும் கழுத்தை நிமிர்த்தி ஊளையிடத் தொடங்கும். எங்கள் ஜிம்மியும் தவறாமல் சேர்ந்து பாடுகிறவன். சுருதி மட்டும் ஒருநாளும் சேராது.

இந்த முறை மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, சங்குச் சத்தம் எங்கள் படலையைக் கடந்து போயும் ஜிம்மியின் குரலைக் காணோம். அதற்குப் பதில் விறாந்தையில் டக், டக், டக் என்று ஒரு சத்தம். யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று எழும்பிப் போனேன். ஜிம்மி பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டிருந்தான். கால் சீமெந்து நிலத்தில் அடிபட்ட சத்தம்தான் எனக்குக் கேட்டது. என்னைக் கண்டதும் வாலை ஒருதரம் ஆட்டினான். பிறகு மறுபடியும் டக், டக்.

எங்கள் வீட்டில் இவன் மூன்றாவது ஜிம்மி. ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தில் இரண்டு வளவுக்கு ஒரு ஜிம்மி இருந்தது. இப்போது புறூனோ, ரொக்கி என்று பெயர்கள் மாறிவிட்டன. அம்மா மட்டும் மாற்ற விடவில்லை.

வெளிச்சம் வந்த பிறகு பார்த்தேன். இரண்டு காது ஓரத்திலும் மயிர் கொட்டி, சாம்பல் நிறத்தில் பொருக்குக் கட்டியிருந்தது. முன்னங்கால் முட்டியிலும் அப்படியே. வயிற்றுப் பக்கம் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். முதுகில் ஒன்றும் இல்லை. உண்ணி, தெள்ளு என்றால் நான் பயப்பட மாட்டேன், அதெல்லாம் கையால் எடுத்துப் பழகியவள். இது வேறு. அம்மா குசினிக்குள் இருந்து வந்து, தள்ளி நின்று பார்த்துவிட்டு ஒரே சொல்லில் சொன்னார்:

"குட்டை."

எங்கள் ஊரில் அது நோயின் பெயர் மட்டுமல்ல, வசவும்கூட. ஒருவரை அடியோடு கேவலப்படுத்த வேண்டுமென்றால் 'குட்டை பிடிச்ச நாய்' என்பார்கள். சைக்கிளில் போகிற பொடியன்கள் கல்லெறிகிற நாய் அது. அந்தச் சொல் எங்கள் விறாந்தையில் படுத்திருக்கிற ஜிம்மிமேல் விழுந்ததும், நோயைவிடப் பெரிதாக ஒரு வெட்கம் வந்தது. அதனால் நான் செய்த முதல் வேலை மருந்து தேடியதல்ல. அவனைக் கொண்டுபோய்க் கிணற்றடிக்குப் பின்னால், தெருவுக்குத் தெரியாத இடத்தில் கட்டினேன். பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் எட்டி, "ஜிம்மியின்ர சத்தத்தையே காணேல்லை, எங்க பிள்ளை?" என்று கேட்டபோது, "பின்னுக்கு நிக்கிறான் மாமி" என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லைதான்.

ஒளித்து வைத்தாலும் வைத்தியம் சொல்ல ஆட்கள் வந்துவிடுவார்கள். தேங்காய் பிடுங்க வந்த அண்ணை கண்டுவிட்டு, கராச்சில் போய்க் கழிவு எண்ணெய் வாங்கிப் பூசச் சொன்னார். "ரெண்டே நாள், தங்கச்சி. நான் எத்தினை நாயைப் பாத்தனான்." இந்த வைத்தியம் ஊர் முழுக்க இருக்கிறது. வாகன எஞ்சினில் இருந்து வடித்த கறுப்பு எண்ணெயை நாயின் உடம்பெல்லாம் அப்பிவிடுவது. எண்ணெய் மூடினால் தோலுக்குள் இருக்கிற பூச்சி கொஞ்சம் சாகக்கூடும். ஆனால் நாய் தன் உடம்பை நக்கித்தானே துடைக்கும்? எரிந்த எண்ணெயில் இருக்கிற ஈயம் போன்ற உலோகக் கழிவெல்லாம் அதோடு வயிற்றுக்குள் போகும். ஏற்கெனவே வெடித்த தோல் இன்னும் வெந்துபோகும். மண்ணெண்ணெய் பூசுவதும் இதே கதைதான்.

ஊர் வைத்தியம் எல்லாம் பிழை என்றும் சொல்ல மாட்டேன். என் அம்மம்மா கந்தகத்தை அரைத்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுவாவாம். கந்தகம் இந்தப் பூச்சிக்கும் பங்கசு என்கிற பூஞ்சணத்துக்கும் உண்மையிலேயே பழைய மருந்து. சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த கரைசலை மிருக வைத்தியர்கள் இன்றைக்கும் சில நாடுகளில் பாவிக்கிறார்கள், கூழ்முட்டை நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டு. அம்மம்மாவுக்கு அளவு தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அலுமாரிக்குள் கிடந்த ஒரு கிறீம். போன வருசம் என் கையில் ஏதோ கடித்ததற்கு ஒரு பாமசியில் துண்டு இல்லாமலே தந்தது. பங்கசுக்கும், பக்ரீரியாவுக்கும், கடி என்கிற அரிப்புக்கும் என்று மூன்றுக்கும் ஒரே குழாய். படித்த பெண் என்ற திமிரோடு அதை ஜிம்மியின் காதில் பூசினேன். இரண்டு நாளில் சொறிவது பாதியாகக் குறைந்தது. எனக்குப் பெரிய வெற்றி! சின்னவளின் கையில், முழங்கைக்குக் கீழே, ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் ஒரு சிவப்பு வட்டம் இருந்ததைக் கண்டபோது அதிலும் கொஞ்சம் பூசிவிட்டேன்.

அந்தக் கிறீமில் நல்ல வீரியமான ஸ்டீரொயிட் இருந்தது என்பதைப் பெட்டியின் பின்பக்கத்தை வாசித்துப் பிறகுதான் அறிந்தேன். ஸ்டீரொயிட் கடியை அடக்கும், சிவப்பை அடக்கும். கூடவே உடம்பு தன் எதிரியோடு போடுகிற சண்டையையும் அடக்கிவிடும். நாய் அமைதியாகப் படுத்திருக்கும், தோலுக்குள் பூச்சி பெருகும். ஐந்தாம் நாள் ஜிம்மியின் காது இரண்டும் யானைத் தோல் மாதிரித் தடித்துப் போயின. உடம்பில் பழைய எண்ணெய்ப் புளிப்பு மாதிரி ஒரு நாற்றமும் வந்துவிட்டது.

அதே கிழமை அம்மாவுக்கும் கடி தொடங்கியது. இடுப்பில், கைகளின் உள்பக்கத்தில், நுளம்பு கடித்தது மாதிரிச் சின்னச் சின்னத் தடிப்பு. அம்மாதான் ஜிம்மிக்குச் சோறு வைக்கிறவர். இரவில் கதிரையில் இருந்து ரீவி பார்க்கும்போது அவன் தலையை மடியில் வைத்திருப்பான். வீட்டில் மூன்று பேருக்கு மூன்று விதமான தோல் வருத்தம். எல்லாவற்றுக்கும் ஒரே குற்றவாளி கிணற்றடியில் கட்டிக் கிடக்கிறான். வவுனியாவில் வேலை செய்கிற என் கணவர் தொலைபேசியில், "பிள்ளையின்ர கையிலயும் வந்திட்டுதெண்டா நாயை எங்கயாவது விடத்தான் வேணும்" என்றார். எங்கயாவது என்றால் எங்கே என்று நான் கேட்கவில்லை. சந்தைக்குப் பின்னால், கடற்கரையில், கோயில் வாசலில் என்று எல்லா ஊரிலும் அந்த 'எங்கயாவது' இருக்கிறது. அங்கே நிற்கிற நாய்கள் எல்லாம் ஒருகாலத்தில் யாரோ வீட்டு ஜிம்மிகள்.

அடுத்த நாள் காலை ஓட்டோ பிடித்தேன். ஓட்டோத் தம்பி ஜிம்மியை ஒரு பார்வை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்க முதல் அம்மா தன் பழைய சேலை ஒன்றைக் கொண்டுவந்து பின் இருக்கையில் விரித்து, "இதை வரேக்க எறிஞ்சு போடுவம், தம்பி" என்றார். கூலி கொஞ்சம் கூடத்தான் போனது. அந்தப் பெடியனில் பிழையில்லை.

மிருக வைத்தியர் வயது குறைந்தவர். மேசைமேல் நின்று நடுங்கிய ஜிம்மியைப் பார்க்கும் முன்னமே எங்கள் கைகளைப் பார்த்தார். "வீட்டில ஆருக்கும் கடிக்குதோ?" அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. அம்மா வெட்கத்தோடு சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். வைத்தியர் தலையாட்டிவிட்டு, ஜிம்மியின் காது நுனியை இரண்டு விரலால் பிடித்து மெல்லத் தேய்த்தார். உடனே ஜிம்மியின் அந்தப் பக்கத்துப் பின்னங்கால் தானாகக் காற்றில் சொறியத் தொடங்கியது. மற்றக் காதைத் தேய்த்தார், மற்றக் கால். சின்னவள் கூட வந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"இது உறுதி இல்லை அம்மா. ஆனா இப்பிடிக் கால் ஆடினா நான் முதல்ல சொறிப்பூச்சியைத்தான் நினைப்பன்."

பிறகு அவர் சொன்னதை என் சொற்களில் சொல்கிறேன். நாங்கள் 'குட்டை' என்று ஒரே சொல்லால் சொல்வது ஒரு நோயல்ல. அதற்குள் குறைந்தது மூன்று வேறு நோய்கள் இருக்கின்றன.

ஒன்று சார்கொப்டிஸ் என்ற சிற்றுண்ணி. பெண் பூச்சி அரை மில்லிமீற்றர்கூட வராது. தோலின் மேற்படைக்குள் சுரங்கம் தோண்டி முட்டை இடும். முட்டை பொரித்து, வளர்ந்து, மறுபடி முட்டை இடுவதற்கு இரண்டு மூன்று கிழமை. காது ஓரம், முட்டி, வயிறு என்று மயிர் குறைந்த இடமாகப் பார்த்துப் பிடிக்கும். கடி தாங்க முடியாது, ஏனென்றால் பூச்சியின் எச்சிலும் எச்சமும் உடம்புக்கு ஒவ்வாமையை உண்டாக்குகின்றன. பத்துப் பூச்சி இருந்தாலே போதும், நாய் தன்னைத்தானே கிழித்துக்கொள்ளும். தொற்றும். நாய்க்கு நாய் நன்றாகத் தொற்றும். மனிதருக்கும் வரும், ஆனால் நாயின் பூச்சியால் எங்கள் தோலில் குடும்பம் நடத்த முடியாது. கடித்துவிட்டுச் சில நாளில் செத்துப்போகும். மனிதருக்கு மனிதர் பரவுகிற சிரங்கு இதே இனத்தின் இன்னொரு வகை. மனிதச் சிரங்குக்குக் காரணம் இந்தப் பூச்சிதான் என்று நுணுக்குக்காட்டியில் பார்த்து எழுதியவர்கள் இத்தாலியில் பொனோமோவும் செஸ்தோனியும், 1687இல். ஒரு நோய்க்குக் கண்ணுக்கு இலேசில் தெரியாத உயிர் காரணம் என்று காட்டிய முதல் கதைகளில் அது ஒன்று. அதற்குப் பிறகும் நூற்றைம்பது வருடம் வைத்தியர்கள் இரத்தம் கெட்டதால் சிரங்கு வருகிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். எங்கள் தேங்காய் பிடுங்கிற அண்ணையும் அதைத்தான் சொன்னார்.

இரண்டாவது டெமோடெக்ஸ். இதுவும் பூச்சிதான், ஆனால் மயிர்க்காலுக்குள் இருப்பது. தாய் நாயிடம் இருந்து குட்டிக்குப் பிறந்த முதல் சில நாட்களில் வருகிறது, கிட்டத்தட்ட எல்லா நாயிலும் கொஞ்சம் இருக்கிறது. நாயின் எதிர்ப்புச் சக்தி இறங்கினால் பெருகிக் கண்ணைச் சுற்றி, வாயைச் சுற்றி, பாதத்தில் மயிர் கொட்டும். கடி அவ்வளவாக இருக்காது. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் யாருக்கும் தொற்றாது. நாங்கள் ஒழுங்கையில் கல்லெறிந்து கலைக்கிற வழுக்கை நாய்க்குட்டிகளில் எத்தனைக்கு இந்த நோயோ!

மூன்றாவது பங்கசு. நாங்கள் படர்தாமரை என்பது. வட்டமாக மயிர் கொட்டும், ஓரம் சிவக்கும். மனிதருக்குத் தொற்றும், அதுவும் பிள்ளைகளுக்குச் சுலபமாக. உதிர்ந்த மயிரிலும் தூசியிலும் அதன் வித்துக்கள் மாதக் கணக்கில், ஒரு வருடத்துக்கு மேலும், உயிரோடு இருக்கும்.

மூன்றுக்கும் மருந்து வேறு, வீடு துப்புரவாக்குகிற விதம் வேறு, யார் யாருக்குப் பயப்பட வேண்டும் என்பதும் வேறு. நான் ஒரே குழாயைப் பிதுக்கி மூன்றையும் முடிக்கப் பார்த்திருக்கிறேன்.

வைத்தியர் மழுங்கின கத்தி அலகில் எண்ணெய் தொட்டு, ஜிம்மியின் காது ஓரத்தை இரத்தம் லேசாகக் கசியும் மட்டும் சுரண்டினார். முட்டியிலும் சுரண்டினார். கண்ணாடித் துண்டில் வைத்து நுணுக்குக்காட்டிக்குள் நெடுநேரம் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்டும் தெரியேல்லை."

"அப்ப இல்லையோ டொக்டர்?"

"காணேல்லை எண்டா இல்லை எண்டு அர்த்தமில்லை."

சார்கொப்டிஸ் இருக்கிற நாய்களிலேயே பாதிக்கும் குறைவான தடவைகளில்தான் சுரண்டலில் பூச்சி அகப்படுமாம். நாய் சொறிந்து சொறிந்து பூச்சியை உதறிவிடுகிறது, மிச்சம் இருக்கிற கொஞ்சம் எந்தச் சுரங்கத்தில் இருக்கிறதென்று கத்திக்குத் தெரியாது. டெமோடெக்ஸ் அப்படியல்ல, ஆழமாகச் சுரண்டினால் பெரும்பாலும் அகப்படும். ஆகவே இந்த 'ஒண்டும் தெரியேல்லை' டெமோடெக்ஸைத்தான் ஓரளவு தள்ளி வைத்தது. பிறகு அறையை இருட்டாக்கி ஒரு ஊதா விளக்கைப் பிடித்தார். வூட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1903இல் உண்டாக்கிய விளக்கு அது. பங்கசில் ஒரு வகை அந்த வெளிச்சத்தில் பச்சை அப்பிள் நிறத்தில் மினுங்கும். ஜிம்மி மினுங்கவில்லை. ஆனால் அந்த ஒரு வகையிலும் ஏறக்குறையப் பாதிதான் மினுங்குமாம், மற்ற வகைகள் மினுங்கவே மினுங்காதாம். மயிரைப் பிடுங்கி ஆய்வுகூடத்துக்கு அனுப்பிப் பங்கசு வளர்கிறதா என்று பார்க்கலாம், பதில் வர இரண்டு மூன்று கிழமை.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. சுரண்டினாலும் நிச்சயமில்லை, விளக்குப் பிடித்தாலும் நிச்சயமில்லை. பிறகு என்னதான் நிச்சயம்? அவர் சிரித்தார். "மருந்து குடுத்துப் பாப்பம். மாறினா அதுதான்." கேட்கும்போது கைவிட்ட பேச்சு மாதிரி இருந்தது. சார்கொப்டிஸ் விசயத்தில் உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள் என்று பிறகு அறிந்தேன். சந்தேகம் பலமாக இருந்தால் பூச்சியைக் காணாமலே வைத்தியம் தொடங்குவார்கள். அதுவரைக்கும் தொற்றும் என்றே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

மருந்து ஒரு குளிசை. பூச்சி கடிக்கிற ஜிம்மியின் உடம்பிலேயே மருந்து இருக்கும், கடித்த பூச்சி சாகும். 2013, 2014 அளவில் வந்த புது மருந்துக் குடும்பம், உண்ணிக்கும் தெள்ளுக்கும் சேர்த்துக் கேட்கும். தர முதல் ஒரு கேள்வி: "இவனுக்கு எப்பவாவது வலிப்பு வந்ததோ?" வலிப்பு உள்ள நாய்களுக்கு இந்த வகைக் குளிசையில் கவனம் வேண்டுமாம். வரவில்லை என்றேன். பிறகு நிறை பார்க்க வேண்டும். ஜிம்மி தராசில் நிற்க மறுத்ததால் நான் அவனைத் தூக்கிக்கொண்டு ஏறினேன், பிறகு அவனில்லாமல் ஏறினேன். அவன் 14 கிலோ. மற்ற எண்ணை இங்கே எழுதப் போவதில்லை.

மாட்டுக்குப் போடுகிற ஊசியைச் சிலர் கொண்டுவந்து நாய்க்குப் போடச் சொல்கிறார்களாம். ஐவர்மெக்ரின். ஜப்பானில் ஒமுரா மண்ணில் இருந்து எடுத்த நுண்ணுயிரில் பிறந்து, 2015இல் அவருக்கும் கம்பெலுக்கும் நோபல் பரிசு வாங்கித் தந்த மருந்து. நல்ல மருந்துதான். ஆனால் கொலி போன்ற சில சாதி நாய்களுக்கு மரபணுவில் ஒரு குறை உண்டு, மருந்து மூளைக்குள் போய்விடும், தள்ளாடி விழுந்து சாகவும் கூடும். ஊர்க் கலப்பு நாயின் பாட்டன் யார் என்று யாருக்குத் தெரியும்?

நாற்றத்துக்கு வேறு காரணம். சொறிந்த புண்ணில் பக்ரீரியா ஏறியிருந்தது. அதற்குக் குளோர்ஹெக்சிடீன் சம்பு, கிழமைக்கு இரண்டு தரம், பூசிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். ஈரமான நாயைப் பத்து நிமிடம் பிடித்து வைத்திருப்பது எவ்வளவு பாடு என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். மணிக்கூட்டைப் பார்க்கக் கை ஒழியாது. அம்மா கிணற்றுக்கட்டில் இருந்துகொண்டு ஒரு பதிகத்தை முழுதாகப் பாடுவார். பதினொரு பாட்டும் முடியச் சரியாகப் பத்து நிமிடம். ஜிம்மி கடைசிப் பாட்டு வந்ததும் தானாக உடம்பை உதறத் தொடங்கினான்.

அவன் படுத்த சாக்குகளை எரித்தோம். துவாய், பெட்சீற், அம்மாவின் கதிரைச் சீலை எல்லாம் கொதிநீரில் அவித்து வெயிலில் போட்டோம். பூச்சி நாயை விட்டு விழுந்தால் எங்கள் வெக்கையில் சில நாளுக்கு மேல் தாங்காது. பங்கசு இருந்தால்தான் தும்புத்தடி எடுத்து மூலை மூலையாக மயிரைக் கூட்டி அள்ள வேண்டும். எது என்று தெரியாதபடியால் இரண்டையும் செய்தோம். பொங்கலுக்கு வீடு கழுவியதும் இதுவும் ஒன்றாய்ப் போயிற்று. மாமி, "இந்த முறை பெரிய துப்புரவாக்கிடக்கு" என்றா. சிரித்தேன்.

சின்னவளை எங்கள் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு ஏதும் பூசினனீங்களோ?" குழாயைப் பையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன், வகுப்பில் பிடிபட்ட பிள்ளை மாதிரி. ஸ்டீரொயிட் பூசினால் படர்தாமரையின் வட்ட ஓரம் அழிந்து, பார்த்தால் படர்தாமரை என்று தெரியாத ஒரு உருவத்துக்கு மாறிவிடுமாம், உள்ளுக்குள் மட்டும் பரவிக்கொண்டிருக்குமாம். செதிலைச் சுரண்டிப் பார்த்துப் பங்கசுதான் என்று சொன்னார்கள். பங்கசுக்கு மட்டுமான தனிக் கிறீம், மாறின பிறகும் சில நாள் விடாமல் பூச வேண்டும்.

"நாயில இருந்து வந்ததோ டொக்டர்?"

"இருக்கலாம். பூனை இருக்கோ வீட்டில?"

இல்லை என்றேன். சின்னவள் இருக்கையில் காலை ஆட்டிக்கொண்டே, "ரியூசன் வீட்டில இருக்கு. மூண்டு குட்டி. வெள்ளைக்குட்டிக்கு மூக்கில மயிர் இல்லை. நான்தான் மடியில வச்சிருக்கிறனான்" என்றாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன ரியூசன் என்று கேட்காதீர்கள், இது யாழ்ப்பாணம். பூனைக்குட்டிகள்தான் இந்தப் பங்கசைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பெரிய வள்ளல்கள். வளர்ந்த பூனை நோய் தெரியாமலே சுமந்து திரியவும் கூடும். ஜிம்மியோ சின்னவள் பக்கத்தில் வந்தால் எழும்பிப் போகிறவன், வாலை இழுப்பாள் என்று. அவள் கையில் இருந்த வட்டத்துக்காக அவனை 'எங்கயாவது' விட இருந்தோம்.

அன்றிரவு கணவருக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் இருந்தார். தொலைபேசியை வைத்த பிறகு, கேட்காமலே, முதலாவது ஜிம்மியின் கதையைத் தொடங்கினார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, யுத்தத்துக்குப் பயந்து, எங்கள் பக்கத்து வலிகாமம் முழுவதும் எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனது எல்லோருக்கும் தெரிந்த கதை. மழைக்குள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஒரு அடி வைக்க அரை மணித்தியாலம். நான் அப்போது கைப்பிள்ளை. ஜிம்மியை அவிழ்த்துவிட்டு, ஒரு சட்டி நிறையச் சோறும் வாளியில் தண்ணியும் வைத்துவிட்டுப் போனார்களாம். இரண்டு மூன்று நாளில் திரும்பலாம் என்ற நினைப்பு.

திரும்பியது 1996 சித்திரைக்குப் பிறகு. வளவு முழுக்கப் பற்றை. விறாந்தையில் மயிரே இல்லாத, தோல் வெடித்த ஒரு நாய் படுத்திருந்தது. அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, கல் எடுத்து எறிந்து கலைத்தாராம். அது படலை வரைக்கும் ஓடிப்போய், திரும்பி வந்து, குசினி வாசலில் சோத்துச் சட்டி வைக்கிற இடத்தில் குந்தியதாம்.

"பேந்துதான் தெரிஞ்சது" என்றார் அம்மா.

அதன்பிறகு எத்தனை நாள் இருந்தது என்று கேட்டேன். "ரெண்டு கிழமை" என்றுவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

குளிசை கொடுத்துப் பத்து நாளில் ஜிம்மியின் கடி குறைந்தது. மூன்றாம் கிழமை காது ஓரத்தில் பூனைமயிர் மாதிரி மெல்லிய மயிர் துளிர்த்தது. அம்மாவின் தடிப்புகளும் ஒரு மருந்தும் இல்லாமலே அடங்கின. மாறினா அதுதான். ஆக, சார்கொப்டிஸ். பூச்சியை ஒருவரும் காணவில்லை.

ஆனால் அதற்குள் மாமி வீட்டு ரொக்கி சொறியத் தொடங்கியிருந்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து டக், டக் என்ற சத்தம் கேட்டதும் எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்தது. தொற்றி இரண்டு கிழமை, சிலவேளை ஆறு கிழமை கழித்துத்தான் கடி தொடங்கும். கணக்குப் பார்த்தால் நான் "பின்னுக்கு நிக்கிறான் மாமி" என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்கள். பின்மதிலின் தண்ணி போகிற ஓட்டைக்குள்ளால் இரண்டும் மூக்கை வைத்துக் கதைக்கிறவை. தெருவுக்குத் தெரியக்கூடாது என்று நான் கட்டிவைத்த இடம் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில். போய்ச் சொன்னேன். மாமி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பவே சொல்லியிருந்தா நானும் ரொக்கியைக் கட்டியிருப்பன் எல்லோ" என்றா. ரொக்கியின் குளிசைக்கு நான்தான் காசு கொடுத்தேன். வாங்க மாட்டன் என்று இரண்டு தரம் சொல்லி, மூன்றாம் தரம் வாங்கினா.

சரி, ஜிம்மிக்கு எங்கிருந்து வந்தது? எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஒழுங்கை முடிவில் ஒரு வைரவர் கோயில். ஒரு சூலம், ஒரு தகரக் கொட்டகை, ஒரு ஆலமரம். அங்கே ஒரு பெட்டை நாய், காதும் முட்டியும் வழுக்கை, இரவில் எங்கள் படலைக்குக் கீழால் ஜிம்மியைப் பார்க்க வரும். 2006இல் இருந்து இந்த நாட்டில் தெருநாயைப் பிடித்துக் கொல்லுவதில்லை. நல்லதுதான், ஆனால் கொல்லாமல் விட்டதை யாரும் பார்ப்பதும் இல்லை. வெள்ளிக்கிழமை வைரவருக்கு வடைமாலை சாத்துகிற அதே கை, பூசை முடிய வைரவரின் வாகனத்துக்குத் தடி எடுக்கும். வைத்தியர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: பழகுகிற நாய்கள் அத்தனைக்கும் மருந்து போகாவிட்டால் ஜிம்மிக்கு இது மறுபடி வரும்.

அவளைப் பிடித்து நிறை பார்க்க வழியில்லை. தெரியாத நாய் கடித்தால் விசர்நாய்த் தடுப்பூசிக்கு ஓட வேண்டிவரும். தொலைபேசியில் படம் எடுத்துக் காட்டினேன். "பத்துக் கிலோவுக்குள்ளதான், பாலூட்டுறாளோ பாருங்கோ" என்றார் வைத்தியர். இல்லை. சின்ன நாய்க்கான குளிசை ஒன்று தந்தார். சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும்.

அம்மா வெள்ளிக்கிழமை உழுந்து அரைத்தார். வைரவர் வடையில் வெங்காயம் போடுவதில்லை, மிளகும் உப்பும்தான். நாய்க்கு வெங்காயம் ஆகாது, இரத்தத்தை உடைக்கும், ஆகையால் இந்த விசயத்தில் ஆகமமும் மிருக வைத்தியமும் ஒன்று. மாலைக்குப் போக நாலு வடை தனியாகச் சுட்டு, ஒன்றின் ஓட்டையை உழுந்து மாவால் அடைத்து அதற்குள் குளிசையைப் புதைத்தார்.

பூசை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு ஆலமரத்தடியில் போய் நின்றோம். அவள் மதில் ஓரம் ஒதுங்கி நின்று பார்த்தாள். அம்மா முதலில் வெறும் வடை ஒன்றைப் போட்டார். அவள் ஓடினாள். அம்மா குனிந்து எடுத்தது கல் என்று நினைத்திருக்க வேண்டும். நாங்கள் இன்னும் பின்னுக்குப் போனோம். கொஞ்ச நேரத்தில் வந்து மணந்து, விழுங்கினாள். இரண்டாவதையும் விழுங்கினாள். மூன்றாவதுதான் மருந்து வடை. வாயில் எடுத்து, நிலத்தில் வைத்து, இரண்டாக உடைத்து, மாவைத் தின்றுவிட்டுக் குளிசையை மிகவும் துப்புரவாக மண்ணில் விட்டுவைத்தாள்.

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு போய், நாய்க்கு மூன்று அடி தூரத்தில், சேலையைச் சொருகிக்கொண்டு நிலத்தில் குந்தினார். மண்ணில் கிடந்த குளிசையை எடுத்து முந்தானையில் துடைத்து, மிச்சம் இருந்த ஒரே வடைக்குள் விரலால் அமத்தி அமத்தி ஏற்றினார். கை நீட்டாமல் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இருந்தார். ஒழுங்கையால் சைக்கிள் ஒன்று போயிற்று. சிவராத்திரிக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது, கோயில் கிணற்றில் யாரோ வாளி போட்ட சத்தம். அவள் வந்தாள். இந்த முறை உடைக்கவில்லை.

"பிள்ளை," என்றார் அம்மா திரும்பிப் பார்க்காமல், "இவளுக்கு வலிப்பு வந்ததோ எண்டு ஆரைக் கேக்கிறது?"